நண்டு கடக்கும் இடம்

2022 ஐப்பசியில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. சங்கரன்கோவிலில் டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு, மாத்திரையும் வாங்கியாயிற்று. மூன்றாம் நாள் மாலை திண்ணையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "ரெண்டு வயநண்டு கெடச்சா இடிச்சிப் போட்டு ரசம் வச்சிருவேன். இந்த மாத்திரைய முழுங்கி முழுங்கி நாக்கு செத்துப்போச்சு" என்றாள்.

அது ஒரு பெரிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. சிறு வயதில் முதல் மழை பெய்த இரவுகளில் அரிக்கேன் விளக்கும் தகர வாளியுமாக வயக்காட்டுக்குப் போவோம். ஒரு மணி நேரத்தில் வாளி நிறைந்துவிடும். உள்ளே நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தகரத்தைப் பிறாண்டுகிற சத்தம் வீடு வரும்வரை கூடவே வரும். அடுப்படியில் அம்மா அவற்றின் காலை ஒடித்து, ஓட்டைப் பிளந்து, உரலில் போட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்து இடிப்பாள். அந்த ரசத்தின் வாசம் தெருமுனையிலேயே தெரியும்.

தாய்மாமாவைக் கூட்டிக்கொண்டு டார்ச் விளக்கோடு கிளம்பினேன். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வரப்பு நெடுகப் பார்த்தோம். நண்டு வளை இருந்தால் வாயில் புது மண் உருண்டை உருண்டையாகத் தள்ளிக் கிடக்கும். உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எங்கும் இல்லை. பழைய வளைகள் தூர்ந்து, சிலவற்றில் புல் முளைத்திருந்தது. இரண்டு மணி நேரம் அலைந்த பின் மாமா வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

"நண்டா மாப்ள? அது போயி நாலஞ்சு வருசமாச்சுல்லா" என்றார்.

"அப்ப எதுக்கு மாமா ரெண்டு மணி நேரம் அலைய விட்டீங்க?"

"நீ ஆசையா வந்தே. எனக்கும் ஒரு இதுதான், ஒண்ணாவது கெடக்காதான்னு."

மறுநாள் சந்தையில் தூத்துக்குடியிலிருந்து வந்த கடல் நண்டை வாங்கிப் போனேன். அம்மா மோந்து பார்த்துவிட்டு, "இது உப்புத்தண்ணி நண்டுல்லா" என்றாள். குழம்பு வைத்தாள். ரசம் வைக்கவில்லை.

நாலைந்து வருடம் என்று மாமா சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையை அகலப்படுத்தி முடித்தும் ஏறக்குறைய அத்தனை வருடம்தான் ஆகியிருந்தது. இந்தக் கட்டுரையை ஒரு குற்றச்சாட்டாக எழுத எனக்குத் தகுதியில்லை. அந்தச் சாலையைக் கேட்டு எழுதிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

*

சங்கரன்கோவில் வட்டாரத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போன ஊர். கிழக்கே கழுகுமலைப் பக்கம் போகப் போகக் கரிசல். மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலையடிவாரம். நெல்லும் எலுமிச்சையும் தென்னையும். எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்கி ஒரு குளத்தில் நிறையும். அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அதன் மறுகால் அதற்கடுத்த குளத்துக்கு. இப்படிப் படிப்படியாகக் கிழக்கே இறங்குகிற நீரின் குறுக்கே வடக்கும் தெற்குமாகப் போகிறது எங்கள் சாலை. மேலக்குளத்து மறுகால் ஓடையை அது கடக்கிற இடத்தில் ஒரு தாம்போதி இருந்தது.

தாம்போதி என்ற சொல்லை இப்போதைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்களோ என்னவோ. பாலம் கட்ட வசதியில்லாத இடத்தில் சாலையையே ஓடையின் மட்டத்துக்கு இறக்கி, கல் பாவி விட்டிருப்பார்கள். கோடையில் பஸ் இறங்கி ஏறும். மழைக்காலத்தில் தண்ணீர் சாலைமேல் ஓடும். பஸ் இந்தப் பக்கமே நின்றுவிடும். ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு கடப்பார்கள். நான் பள்ளிக்கூடம் போன வருடங்களில் கார்த்திகை மாதத்தில் பாதி நாள் லீவுதான்.

1998 கார்த்திகையில் ஓரிரவு அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. வாடகைக் கார் பிடித்துத் தாம்போதி வரை போனோம். தண்ணீர் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் முடியாது என்றுவிட்டார். காருக்குள் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கிப்போய்த் தண்ணீரில் நின்று, வடிந்திருக்கிறதா என்று காலால் அளந்து பார்த்தேன். நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் கார் விளக்கு வெளிச்சத்தில் தாம்போதியின் ஓரமாக நண்டுகள் ஏறி வந்துகொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில் என்று சொல்வது மிகையாக இருக்காது. தண்ணீர் இழுக்க இழுக்கக் கல் இடுக்கைப் பற்றிப் பக்கவாட்டில் நகர்ந்து மேற்கே போயின. நான் அவற்றை வெறுப்போடு பார்த்தேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. எனக்குக் கடக்க முடியாத இடத்தை அவை கடந்துகொண்டிருந்தன.

அப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். வலது கை மட்டும் திரும்ப வரவில்லை. ஆகவே, சாலையை உயர்த்தி அகலப்படுத்தவேண்டும், தாம்போதியை எடுத்துவிட்டுப் பாலம் போடவேண்டும் என்று ஊர் சார்பில் மனு எழுதுகிற பேச்சு வந்தபோது, பேனாவை நான்தான் எடுத்தேன். பிறகு அளந்தார்கள், கல் நட்டார்கள். எங்கள் வயலிலும் ஏழு சென்ட் போயிற்று. நஷ்டஈட்டுப் பணத்தில் வீட்டுக்கு மேல்தளம் போட்டோம்.

*

நம் நாட்டில் சாலை போடுவதை வேடிக்கை பார்க்காதவர் இல்லை. ஆனால் கரிசல் மண்ணில் சாலை போடுவது தனி வித்தை. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் நேராகத் தார் போட்டால் இரண்டே மழையில் அலை அலையாக நெளிந்துவிடும். எனவே மேல் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, சரள் மண் கொட்டி, இறுக்கி, மட்டத்தை உயர்த்துகிறார்கள். அந்தச் சரளைக்காகப் பக்கத்துப் பொட்டல்களையும் ஓடைக் கரைகளையும் தோண்டுகிறார்கள். முடிந்தபோது எங்கள் சாலை வயல் மட்டத்திலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயர்ந்திருந்தது. முன்பு மழைத் தண்ணீர் வயல்வெளி முழுவதும் விரிந்து, சாலையையும் தாண்டி, மெல்ல இறங்கிப் போகும். இப்போது ஒரு பக்கம் தேங்கி நின்று, மூன்று சிமெண்டுக் குழாய்கள் வழியாக மட்டும் பீய்ச்சி அடிக்கிறது. அந்த வேகத்தில் குழாயின் வாய்க்குக் கீழே மண் அரித்து இரண்டு முழம் பள்ளம் விழுந்துவிட்டது. குழாய் அந்தரத்தில் நிற்கிறது. சாலையின் இருபுறமும் நேர்ச்சுவர் வைத்த கான்கிரீட் வடிகால். அதில் விழுந்த நண்டு ஏற முடியாது. வெயிலில் காய்ந்த ஓடுகளை அங்கே பொறுக்கியிருக்கிறேன்.

நண்டு எதற்காகக் கடக்கவேண்டும்? இதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் நான் நண்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஐம்பது வயதுக்காரன், சிறு வயது முழுவதும் தின்ற ஒரு பிராணியைப் பற்றி எதுவும் தெரியாதிருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டும்.

கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டை இடுகிறது. பொரித்து வருவது நண்டுபோலவே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசிப் பிராணி. நீரோட்டத்தில் மிதந்து, எங்கெங்கோ போய், உருமாறி உருமாறிக் கடைசியில் நண்டாகும். நன்னீர் நண்டு அப்படி இல்லை. அதன் முட்டை சில நூறுதான், ஒவ்வொன்றும் பெரியது. குஞ்சு நண்டாகவே பொரிக்கிறது. பொரித்த பிறகும் தாய் அவற்றைத் தன் வயிற்று மடலுக்குள் வைத்துச் சுமக்கிறது. பிறகு இறக்கி விடுகிறது. இறங்கிய குஞ்சு தன் எட்டுக் காலால் நடந்து போகிற தூரம்தான் அதன் உலகம். கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க வளையை ஆழமாகத் தோண்டிக்கொண்டு ஈரத்தைப் பின்தொடரும். வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு கிடக்கும். மழை விழுந்ததும் வெளியே வந்து இரை தேடி, துணை தேடி, புது இடம் தேடி நடக்கும். ஒரு குளத்தில் அற்றுப் போனால் அடுத்த குளத்திலிருந்து நடந்து வந்துதான் நிரப்பவேண்டும். நடக்கிற வழியில் ஒரு சுவர் எழுந்துவிட்டால் இரண்டு குளமும் இரண்டு தீவு.

இப்படி நடக்க முடிந்த தூரத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ்வதால்தான், மலைக்கு மலை, ஓடைக்கு ஓடை வேறு வேறு நண்டு இனங்கள் உண்டாகியிருக்கின்றன. இலங்கையில் மட்டும் ஐம்பது இனங்கள் வரை இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் பெரும்பாலானவை அபாயத்தில் இருக்கின்றன. 2009இல் உலகத்து நன்னீர் நண்டுகள் சுமார் 1280 இனங்களையும் ஒருசேர ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆறில் ஒரு பங்கு அழியும் அபாயத்தில். பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றைப் பற்றி எதுவும் சொல்லமுடியாத அளவுக்குத் தகவலே இல்லை. நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் இன்னமும் புதிய இனங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வயல் நண்டு அந்த அபாயப் பட்டியலில் இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. தென்னிந்தியா முழுவதும் வயல்களில் பரவிக் கிடக்கிற சாதாரணப் பிராணி. அப்படியானால் எதற்கு இந்தப் புலம்பல் என்று கேட்கலாம். உலகத்தில் இல்லாமல் போவது ஒன்று. ஓர் ஊரில் இல்லாமல் போவது இன்னொன்று. இரண்டாவதற்குப் பட்டியல் கிடையாது. எங்கள் ஊரில் மடையான்கள் குறைந்துவிட்டன. நரி ஊளையிட்டுக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. நரி தன் வாலை நண்டு வளைக்குள் விட்டு, நண்டு கவ்வியதும் வெளியே இழுத்துத் தின்னும் என்று மாமா சத்தியம் செய்து சொல்வார். நான் நம்பியதில்லை. இப்போது சோதித்துப் பார்க்க நரியும் இல்லை, வளையும் இல்லை.

*

படித்துக்கொண்டே போனபோது, நண்டின் சொந்தக்காரனான வேறொரு பிராணி குறுக்கே வந்தது. நன்னீரில் வாழும் சிங்கிறால். வடஅமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர், தென்அமெரிக்கா எங்கும் இருக்கிறது. இந்தியாவுக்கு இயற்கையாக வந்ததே இல்லை. நம் ஓடைகளில் அது செய்யக்கூடிய வேலையையெல்லாம் இங்கே நண்டுதான் செய்கிறது. அதுவும் நன்னீர் நண்டைப் போலவே குஞ்சுகளை வயிற்றுக்கடியில் சுமக்கிறது, அதுவும் நடந்தே பரவுகிறது. 2015இல் வெளியான ஆய்வொன்றில் 590 இனங்களைப் பார்த்து, அவற்றில் 32 சதவீதம் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அவற்றில் ஒன்றின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கயன்டாட் என்று ஓர் ஆறு. அதன் தலைப்பகுதி ஓடைகள் பலவற்றில் ஒரு காலத்தில் இருந்த சிங்கிறால் இனம், 2016இல் அழியும் நிலையில் உள்ள இனமாக அந்த நாட்டு அரசு அறிவித்தபோது, வயோமிங் என்ற ஒரே ஒரு கவுன்டியின் இரண்டு ஓடைகளில் மட்டும் எஞ்சியிருந்தது. வேகமாக ஓடும் நீரில் பெரிய பலகைக் கற்களுக்கு அடியில் இருக்கும் இடைவெளிதான் அதன் வீடு. நிலக்கரிச் சுரங்கமும், காடு வெட்டுதலும், மண் சாலைகளும், ஓடையிலேயே வண்டி ஓட்டி விளையாடுகிறவர்களும் சேர்ந்து கிளப்பிய வண்டல் அந்த இடைவெளிகளை நிரப்பிவிட்டது. ஓடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கும். கல்லுக்கு அடியில் இடமில்லை, அவ்வளவுதான்.

டாஸ்மேனியாவில் இன்னொரு கூட்டம். இவை ஓடையில் இருப்பதில்லை. ஈர மண்ணில் வளை தோண்டி, வாயில் மண் உருண்டைகளை அடுக்கிப் புகைபோக்கி மாதிரி எழுப்புகின்றன. படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வரப்பில் எடுத்த படம் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். அவற்றில் சில இனங்கள் மிகச் சிறிய பரப்பில் மட்டும் இருப்பவை. சாலையோரச் சாக்கடைப் பள்ளங்களிலும் வாழ்பவை. பள்ளத்தைத் தூர்வாரினால் ஒரு காலனியே போய்விடும். சாலைக்காரர்கள் வேலை தொடங்கும் முன் அங்கே மண் உருண்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டிய நிலை.

இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவில், செந்நண்டுகள் கூட்டமாகக் கடலுக்கு இறங்குகிற நாட்களில் சாலைகளை மூடிவிடுகிறார்கள். அவற்றுக்கென்று பாலமும் சுரங்கப் பாதையும் கட்டியிருக்கிறார்கள். பாலத்தின்மேல் நண்டுகள் செங்குத்தாக ஏறுகிற படத்தை மாமாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா கொழுத்த நண்டு" என்றார்.

*

நியாயம் பார்த்தால் சாலை ஒன்றையே குற்றம் சொல்ல முடியாது. நண்டு விவசாயிக்கு நண்பன் இல்லை. நட்ட நாற்றை நறுக்கும்; வரப்பைத் துளைத்துத் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடும். மாமா தன் முப்பது வயதிலிருந்து ஃபியூரடான் குருணையைச் சோற்றில் பிசைந்து வளை வாயில் வைத்துவந்தார். மறுநாள் காலை வரப்போரம் மல்லாந்து கிடக்கிற நண்டுகளை நானே வாரிப் போட்டிருக்கிறேன். ஆனாலும் அடுத்த ஐப்பசியில் நண்டு இருந்தது. மருந்து வைக்காத இடத்திலிருந்து, மேலக்குளத்திலிருந்து, ஓடையிலிருந்து வந்து நிரப்பிக்கொண்டே இருந்தது. நாங்கள் கொன்றது வரவு இருக்கிற கணக்கில் செலவு. சாலை வந்தபோது வரவு நின்றது.

பழைய புலவர்களுக்கும் நாற்றறுக்கிற நண்டைத் தெரிந்திருக்கிறது. ஐங்குறுநூற்றில் மருதம் பாடிய ஓரம்போகியார் ஒரு பத்து முழுவதையும் நண்டுக்கே கொடுத்திருக்கிறார். கள்வன் பத்து என்று பெயர். கள்வன் என்றால் அங்கே திருடன் இல்லை, நண்டு. அலவன், ஞெண்டு என்றும் சொல்வார்கள். ஒரு பிராணிக்கு மூன்று பெயர் வைத்திருப்பவர்கள் அதை எத்தனை முறை குனிந்து பார்த்திருக்கவேண்டும்! அதன் கண்ணுக்கு வேப்பம்பூ அரும்பை உவமை சொல்கிறார். டார்ச் வெளிச்சத்தில் நண்டைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அதற்குமேல் ஒரு சொல் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பிழையும் இருக்கிறது. தாய் செத்தால்தான் குஞ்சு பிறக்கும் என்று அன்றைக்கு நம்பியிருக்கிறார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் நம்புகிறாள். வயிற்று மடல் திறந்து குஞ்சுகள் கொட்டுவதைப் பார்த்து, வயிறு வெடித்ததாக நினைத்திருக்கலாம். உண்மையில் தாய் சாவதில்லை.

சங்கரன்கோவில்காரர்களுக்கு வளையும் புற்றும் சாதாரண விஷயம் இல்லை. சங்கன், பதுமன் என்ற நாகங்கள் குடியிருந்த இடம். கோயிலில் புற்று மண்தான் பிரசாதம். வீட்டில் பாம்பு, தேள் தொல்லை இருந்தால் தகட்டில் செய்த பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் போடுவார்கள். ஆடித்தபசுக் கூட்டத்தில் அந்தத் தகடுகள் விற்கிற கடையில் ஒருமுறை, நண்டு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

குழாயைப் பற்றி ஒரு பொறியாளரிடமும் பேசினேன். பராமரிப்பு வேலைக்காக வந்திருந்த இளைஞர். பெயரும் அலுவலகமும் வேண்டாம். மரியாதையாகக் கேட்டார். ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவு போகிற மாதிரி குழாய் வைக்கிறோம் என்று காகிதத்தில் வரைந்தே காட்டினார். கணக்கில் பிழை இல்லை. தண்ணீர் மேலிருந்து கீழே போகும். கீழிருந்து மேலே போகிறது எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை.

"நண்டுக்கா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். சிரிக்கவில்லை. "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல சார்" என்றார்.

யாரும் கேட்கத் தேவையும் இல்லை. 2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இருக்கிற மாநில நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதென்றால் மலைப்பகுதியிலோ சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதியிலோதான் முன்அனுமதி வேண்டும். 2013இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் வரம்பைத் தளர்த்தினார்கள். நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த விரிவாக்கத்துக்குத் தேவையில்லை. மேற்கே மலையில் 2015இலிருந்து நெல்லை வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. அதன் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இறங்குகிற ஓடை, சட்டத்தின் கண்ணில் வெறும் ஓடை. மனுவில் நானும் 'பாலம்' என்றுதான் எழுதியிருந்தேன். எப்படிப்பட்ட பாலம் என்று எழுதவில்லை. திறந்த அடிப்பகுதியோடு, ஓடை மண்ணும் கல்லும் அப்படியே இருக்கும்படி ஒரு பாலம் கட்டியிருந்தால், அப்பா காத்திருந்த நான்கு மணி நேரமும் மிச்சமாகியிருக்கும், நண்டும் போயிருக்கும். அந்த ஒரு வரியை எழுதுகிற அறிவு அப்போது எனக்கு இல்லை.

*

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் மேலக்குளம் நிறைந்து, மறுகால் பாய்ந்து, சாலையின் மேற்குப் பக்கம் கடல்போல நின்றது. மூன்று குழாய்களும் போதவில்லை. பதினெட்டாம் தேதி விடியற்காலையில் தண்ணீர் சாலைமேல் ஏறி, பழைய தாம்போதி இருந்த அதே இடத்தில் வழிந்து ஓடிற்று. ஓடைக்குத் தன் இடம் மறக்கவில்லை.

மழை விட்டதும் பார்க்கப் போனேன். தார்ச்சாலைமேல் நண்டுகள். நிறைய இல்லை, முப்பதோ நாற்பதோ. மேலேயிருந்து வெள்ளம் கொண்டுவந்து போட்டவை. உயிரோடு இருந்தவை மையக்கோட்டைத் தாண்டிப் பக்கவாட்டில் ஓடின. அந்த நேரத்திலும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெண் நண்டு சக்கரத்தில் அரைபட்டுக் கிடந்தது. ஓடு நொறுங்கி, மடல் பிரிந்து கிடக்க, உள்ளிருந்து மிளகளவு குஞ்சுகள் நாலாபக்கமும் தாரில் நடந்துகொண்டிருந்தன. தாய் செத்துப் பிறப்பதாகப் பழையவர்கள் நம்பியது இப்படி என் கண்முன் உண்மையாகும் என்று நான் நினைத்ததில்லை.

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டின் முனையில் போட்டேன். ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, தலையை நீட்டி, "அண்ணாச்சி, துட்டு கிட்டு வுழுந்துட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கிழக்குப் பக்கம் வயலில் கொண்டுபோய் விட்டேன். பதினேழு குஞ்சு.

அதற்கடுத்த கோடையில், ஓடை வற்றியிருந்தபோது, மாமாவும் நானும் இரண்டு நாள் வேலை செய்தோம். பழைய தாம்போதியிலிருந்து பெயர்த்துப் போட்டிருந்த பாவு கற்கள் சாலையோரம் முட்செடிக்குள் கிடந்தன. அவற்றை உருட்டிக் கொண்டுவந்து, குழாய் வாய்க்குக் கீழே அரித்த பள்ளத்தில் படிப்படியாக அடுக்கி, இடுக்கில் சரளும் மண்ணும் போட்டு அடைத்தோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மருந்து வைத்த கையால் கல் அடுக்குவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு கல்லை நகர்த்தும்போது மட்டும், "இதுலதான் ஒங்கப்பா வண்டி நின்னுச்சு" என்றார். எப்படி அடையாளம் கண்டார் என்று தெரியவில்லை.

அந்த வருட ஐப்பசியில் முதல் மழை பெய்த இரவு டார்ச்சோடு போனோம். அம்மாவுக்கு மறுபடியும் இருமல். ரசம் வைக்கவேண்டும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கிழக்கு வயலில், குழாயிலிருந்து கூப்பிடு தூரத்தில், மூன்றாவது வரப்பில் மாமா விளக்கை நிறுத்தினார். வளை வாயில் புது மண் உருண்டைகள். மாமா குத்தவைத்து உட்கார்ந்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். ஒரு நிமிடம் முகத்தைச் சுளித்தார். கவ்வியிருக்கவேண்டும். பிறகு மெதுவாக வெளியே எடுத்தார். உள்ளங்கை அகலப் பெண் நண்டு. மல்லாத்தி, விளக்கு வெளிச்சத்தில் மடலைக் கட்டைவிரலால் லேசாக விலக்கிப் பார்த்தார்.

"இருக்குல்லா" என்றார்.

அதை வளை வாயிலேயே வைத்தார். அது எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக உள்ளே இறங்கிற்று. மாமாவின் விரலில் ரத்தம். வயல் தண்ணீரில் கழுவிக்கொண்டார். வேறு வளை எதையும் தேடாமல் திரும்பினோம்.

திண்ணையில் அம்மா விழித்திருந்தாள். வாளியை எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் கெடக்கலம்மா" என்றேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடியைத் தேடினார்.

"அப்ப சரி, வெறும் மெளகு ரசம் வைக்கேன்" என்றபடி எழுந்து உள்ளே போனாள்.